கணையம் கெட்டால் முதுகெலும்புக்கு என்ன ஆகிறது?

கணைய நோய் உள்ள ஒருவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் யாரும் வியப்பதில்லை. கணையத்தின் இருப்பிடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், வயிற்றறையின் பின்சுவரை ஒட்டி, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளுக்கு முன்பாக அது குறுக்காகக் கிடக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதற்கும் முதுகெலும்புக்கும் நடுவே பெரிய இரத்தக் குழாய்களும் ஒரு நரம்புப் பின்னலும் கொஞ்சம் கொழுப்பும் இருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் கணையம் வீங்கும்போது வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போவது இயல்பு.

இந்த இயல்பே பல நேரங்களில் கண்ணை மறைத்துவிடுகிறது. பத்து ஆண்டுகளாக நாள்பட்ட கணைய அழற்சியோடு வாழ்பவருக்கு முதுகுவலி கூடினால், 'கணையம் மறுபடியும் கிளம்பிவிட்டது' என்று அவரும் நினைக்கிறார், வீட்டாரும் நினைக்கிறார்கள், அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் நினைத்துவிடுகிறார். வலி மாத்திரையின் அளவு கூட்டப்படுகிறது. முள்ளெலும்பு ஒன்று நசுங்கியிருக்கலாம், அதன் மஜ்ஜையில் ஒரு பகுதி செத்திருக்கலாம், இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டில் சீழ் பிடித்திருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் எழுவதில்லை.

கணைய நோய் எலும்பைத் தாக்கும் வழிகள் பல. அவற்றில் இரண்டு மட்டும் ஒரே நொதியைச் சுற்றி நிகழ்கின்றன. கொழுப்பைச் செரிக்க வைக்கும் லைபேஸ்தான் அந்த நொதி. அது போகக்கூடாத இடத்துக்குப் போனால் எலும்பு சில வாரங்களில் சேதமடைகிறது. போக வேண்டிய இடத்துக்குப் போகாவிட்டால் எலும்பு ஆண்டுக்கணக்கில் கரைகிறது. முதலாவது அரிது. ஆனால் மருத்துவ இதழ்களில் நோயாளி வரலாறுகளாக அதிகம் எழுதப்படுவது அதுதான். இரண்டாவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

லைபேஸ் வழிதவறும்போது

நலமாக இருக்கும் கணையம் தன் நொதிகளை நாளத்தின் வழியாக முன்சிறுகுடலில் கொட்டுகிறது. அழற்சியின்போது கணையத் திசுவே உடைந்து நொதிகள் சுற்றுப்புறத்தில் கசிகின்றன. புரதத்தை அரிக்கும் டிரிப்சின், கணையத்தையும் அருகிலுள்ள இரத்தக் குழாய்களின் சுவர்களையும் தாக்குகிறது. லைபேஸ் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது. எதிரில் கொழுப்புச் செல் இருந்தால் அதிலுள்ள டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசரினாகவும் பிரிக்கிறது.

விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு நஞ்சு. அவை இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உப்பாகப் படிகின்றன. வேதியியலில் இது அசல் சோப்புத் தயாரிப்பு வினைதான், சோடியத்துக்குப் பதில் கால்சியம் என்பது மட்டுமே வேறுபாடு. தீவிர கணைய அழற்சியில் வயிற்றைத் திறந்து பார்த்த அறுவை மருத்துவர்கள் குடலைத் தாங்கும் கொழுப்பின் மேல் சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டிருக்கிறார்கள். ஜெர்மானிய மருத்துவர் பால்சர் இந்தக் கொழுப்புச் சிதைவை 1882ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டார். இப்படிக் கால்சியம் உறிஞ்சப்படுவதால் இரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. நோயின் கடுமையை மதிப்பிட 1974இல் வெளிவந்த ரான்சன் அளவுகோலில், முதல் 48 மணி நேரத்துக்குள் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழே போவது ஓர் எச்சரிக்கைக் குறியாக இடம்பெற்றதற்கு ஒரு காரணம் இது.

நொதி இரத்தத்தோடு கலந்துவிட்டால் தொலைவிலுள்ள கொழுப்பும் தப்பாது. 1883இல் ஹான்ஸ் கியாரி, கணைய நோயோடு தோலடிக் கொழுப்பும் அழுகுவதைப் பதிவு செய்தார். இன்று இதற்கு ஒரு முக்கூட்டுப் பெயர் இருக்கிறது: கணைய அழற்சி, தோலடிக் கொழுப்பு அழற்சி, பல மூட்டு அழற்சி. முழங்காலுக்குக் கீழே சிவந்த, தொட்டால் வலிக்கிற கட்டிகள் தோன்றும். சில உடைந்து எண்ணெய்ப் பசையுள்ள பழுப்பு நீர் வடியும். கணுக்காலும் முழங்காலும் வீங்கும். மூட்டில் ஊசி போட்டு எடுத்தால் பாலாடை நிறத்தில் கெட்டியான திரவம் வருகிறது. பார்த்தவுடன் சீழ் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவும் இல்லை, இருப்பதெல்லாம் கொழுப்பு.

எலும்பு ஏன் இதில் மாட்டுகிறது என்பது அதன் உள்ளே இருப்பதை நினைத்துப் பார்த்தால் விளங்கும். எலும்பைக் கெட்டியான சுண்ணாம்புத் துண்டாகக் கருதுவது நம் பழக்கம். அதன் உட்புறம் முழுக்க மஜ்ஜை. வயது வந்தவர்களின் கைகால் எலும்புகளிலுள்ள மஞ்சள் மஜ்ஜையில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பு. இரத்தம் உற்பத்தியாகும் சிவப்பு மஜ்ஜையில்கூட 40 விழுக்காடு அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. லைபேஸுக்கு இது விருந்து. மென்மையான திசு வீங்கினால் விரிய இடம் உண்டு. எலும்புக்குள் வீங்கினால் அழுத்தம் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன, இரத்தம் நிற்கிறது, அந்தப் பகுதி சாகிறது. கொழுப்புச் சிதைவாகத் தொடங்கியது இரத்த ஓட்டமின்றி எலும்பு மடிவதில் போய் முடிகிறது.

தொடை, கீழ்க்கால், கை, பாத எலும்புகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது, அங்கே மஞ்சள் மஜ்ஜை அதிகம் என்பது பொருத்தமான விளக்கம். முள்ளெலும்புகளில் சிவப்பு மஜ்ஜையே மிகுதி என்பதால் அங்கே இது அரிதிலும் அரிது. ஆனாலும் வயது ஏற ஏற முள்ளெலும்பின் மஜ்ஜையிலும் கொழுப்பு கூடிக்கொண்டே போகிறது. கைகால்களில் வலியோடு இருப்பவருக்கு முதுகெலும்பிலும் இத்தகைய திட்டுகள் தென்படுவதை மருத்துவப் பதிவுகள் காட்டுகின்றன.

ஒரு கேள்வி இயல்பாக எழும். தீவிர கணைய அழற்சி வந்த எல்லோருக்கும் இரத்தத்தில் லைபேஸ் எகிறுகிறது. இயல்பின் மேல் எல்லையைவிட மும்மடங்குக்கு மேல் போவது நோயை உறுதிசெய்யும் அடையாளங்களில் ஒன்று. அப்படியானால் ஏன் எல்லோருக்கும் எலும்பு கெடுவதில்லை? லைபேஸ் மட்டும் போதாது என்பதே இப்போதைய கருத்து. டிரிப்சின் போன்ற பிற நொதிகள் குழாய்ச் சுவரைப் பழுதாக்கி வழி திறந்துவிட வேண்டும், கசிவும் சில நாட்களில் நிற்காமல் வாரக்கணக்கில் தொடர வேண்டும். கணையத்து நீர்க்கட்டி ஒன்று கல்லீரலுக்குப் போகும் சிரையோடு துளைத்து இணைந்துவிட்டால் அப்படித் தொடரும். நொதி நேராக இரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், இப்படி முக்கூட்டாக நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்று வலி இருப்பதில்லை, இருந்தாலும் பொருட்படுத்தும் அளவுக்கு இருப்பதில்லை. காலில் கட்டி என்று தோல் மருத்துவரிடம் போகிறார், மூட்டு வீக்கம் என்று வாத நோய் மருத்துவரிடம் போகிறார். மூட்டு வாதத்துக்கான மாத்திரைகளும் ஸ்டீராய்டும் தரப்படுகின்றன, பெரிய பலன் இருப்பதில்லை. ஒருவர் தற்செயலாக லைபேஸ் பரிசோதனை எழுதிக் கொடுக்கும்போதுதான் கதை வெளியே வருகிறது. காரணம் தெரியாத மூட்டழற்சியோடு காலில் வலிக்கும் கட்டிகளும் சேர்ந்து வந்தால் இந்த ஒரு சோதனையை எழுதுவதில் நட்டம் ஏதுமில்லை.

படத்தில் தெரிவதும் தெரியாததும்

சாதாரண எக்ஸ்ரே இங்கே ஏமாற்றும். எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் கண்ணுக்குப் படும். வலி தொடங்கிய முதல் வாரத்தில் எடுத்த படம் சுத்தமாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. சில வாரங்கள் கழித்து அதே எலும்பு செல்லரித்ததுபோல் பொத்தல் பொத்தலாகத் தெரியலாம். எம்ஆர்ஐ தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கிறது, ஏனென்றால் அது தாதுவைப் பார்ப்பதில்லை, மஜ்ஜையின் கொழுப்பையும் நீரையும் பார்க்கிறது. பளிச்சென்று இருக்க வேண்டிய கொழுப்புப் பகுதி ஒருவகைப் படத்தில் இருண்டும், வீக்கத்தைக் காட்டும் மற்றொரு வகைப் படத்தில் வெளுத்தும் தெரியும்.

அடுத்த குழப்பம் பெரியது. முள்ளெலும்புகளில் ஆங்காங்கே திட்டுகள், கணையத்திலும் கோளாறு என்றால், படம் பார்ப்பவர் மனத்தில் முதலில் வருவது புற்றுநோய்ப் பரவல். அந்தச் சந்தேகம் தவறென்று சொல்ல மாட்டேன். கணையப் புற்றுநோய் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும், எலும்புக்குப் போவது அதைவிடக் குறைவு, ஆனாலும் போகும். மேலும், கணையத்தின் நொதி சுரக்கும் செல்களிலிருந்தே கிளம்பும் ஓர் அரிய வகைப் புற்றுநோய் தானே லைபேஸைப் பெருமளவில் சுரந்து, இதே தோல் கட்டி, மூட்டு வீக்கம், எலும்புச் சிதைவு எல்லாவற்றையும் உண்டாக்கும். அப்போது எலும்பிலுள்ள திட்டு பரவிய கட்டியாகவும் இருக்கலாம், கட்டி அனுப்பிய நொதியின் வேலையாகவும் இருக்கலாம். படம் மட்டும் இதைத் தீர்த்துவைக்காது. எலும்பிலிருந்து ஒரு துணுக்கை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கொழுப்புச் சிதைவென்றால், உட்கரு மறைந்து சுவர் மட்டும் தடித்து நிழலுருவமாக நிற்கும் கொழுப்புச் செல்களும், அவற்றில் கால்சியத் துகள்களும் தெரியும். நோய்க்குறியியலாளர்கள் இவற்றைப் பேய்ச் செல்கள் என்பார்கள்.

எலும்பை நேரடியாகக் குணப்படுத்தும் மருந்து இந்த வகைக்கு இல்லை. கசிவை நிறுத்துவதே சிகிச்சை. அடைபட்ட கணைய நாளத்தில் குழாய் வைப்பது, நீர்க்கட்டியை வடிப்பது, துளை இருந்தால் மூடுவது, கட்டி என்றால் அதை அகற்றுவது என்று வேலை முழுவதும் கணையத்தில்தான். லைபேஸ் இறங்கினால் தோலும் மூட்டும் தேறுகின்றன. செத்த எலும்பு மட்டும் தன் வடுவை வைத்துக்கொள்ளும், சில நேரம் சரியவும் செய்யும்.

லைபேஸ் வராதபோது

இனி யாரும் பேசாத பக்கம். நாள்பட்ட கணைய அழற்சியில் சுரப்புத் திசு கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக மாறுகிறது. கணையத்துக்குச் சேமிப்புத் திறன் ஏராளம். லைபேஸ் உற்பத்தி இயல்பின் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால்தான் மலத்தில் கொழுப்பு வெளிப்படையாகப் போகத் தொடங்கும் என்று யூஜின் டிமாக்னோவும் சகாக்களும் 1973இல் காட்டினார்கள். இதை ஆறுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது பக்கம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, நாற்றமெடுத்து, நீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டிக்கொள்ளும் நிலை வரும்போது கணையம் ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் உடலுக்குள் போவது குறையத் தொடங்கியிருக்கும்.

டி இல்லாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரிவர உறிஞ்சாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ஈடுகட்டும். இதயமும் தசையும் இயங்க இரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தாக வேண்டும், அதற்கான விலையை எலும்பு கொடுக்கிறது. கே வைட்டமினுக்கு வேறு வேலை: கால்சியத்தை எலும்பில் பிடித்துவைக்க உதவும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதம் பக்குவப்படுவதற்கு அது தேவை.

இங்கேயும் அந்தச் சோப்பு வினை எட்டிப்பார்க்கிறது. செரிக்காமல் கிடக்கும் கொழுப்பு குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகிறது. சாப்பிட்ட கால்சியம் உடலுக்குள் போகாமலே போய்விடும். வழக்கமாகக் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்ஸலேட், துணை இல்லாமல் தனியாக உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. எலும்பு மெலிவும் சிறுநீரகக் கல்லும் ஒரே ஆளுக்கு வந்தால் குடலில் கொழுப்பு தங்குகிறதா என்று கேட்பது நல்ல மருத்துவம்.

ஊட்டக்குறைவு இந்தக் கதையின் ஒரு பங்கு மட்டுமே. ஓயாத அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருட்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. நோய்க்குக் காரணமாக இருக்கும் மதுவும் புகையும் எலும்பைத் தனித்தனியாகவும் கெடுக்கின்றன. இன்சுலின் சுரக்கும் செல்களும் அழியும்போது வரும் நீரிழிவு தன் பங்குக்கு முறிவு அபாயத்தைக் கூட்டுகிறது. வலிக்காக ஆண்டுக்கணக்கில் எடுக்கும் அபின் வகை மருந்துகள் பாலின இயக்குநீர்களைக் குறைக்கின்றன, தலைசுற்றித் தடுக்கி விழவும் வைக்கின்றன. இத்தனையும் ஒருவரிடமே வந்து சேர்வது அபூர்வம் அல்ல.

2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பத்து ஆய்வுகளில் இடம்பெற்ற 513 நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எலும்புப்புரை, அதாவது எளிதில் முறியும் அளவுக்கு எலும்பு மெலிந்த நிலை. அடர்த்தி ஓரளவு குறைந்தவர்களையும் சேர்த்தால் மொத்தம் 65 விழுக்காடு. மூவரில் இருவருக்கு எலும்பு மெலிந்திருக்கிறது என்றால் அதை அரிய பக்கவிளைவு என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அதே ஆண்டில் வெளிவந்த டென்மார்க் பதிவேட்டு ஆய்வு, நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்கு எலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 1.7 மடங்கு என்று கண்டது.

முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் முள்ளெலும்பு. கைகால் எலும்புகளின் நடுத்தண்டு கெட்டியான சுவரால் ஆனது. முள்ளெலும்பின் உடற்பகுதி மெல்லிய சட்டங்கள் பின்னிய வலையால் ஆனது. அந்த வலையின் பரப்பு மிகுதி என்பதால் எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கும் வேலை அங்கே வேகமாக நடக்கிறது. கரைப்பது கூடிப் புதுப்பிப்பது குறைந்தால் குறுக்குச் சட்டங்கள் முதலில் அறுகின்றன. பிறகு குனிந்து ஒரு பொருளைத் தூக்குவதோ பலமாக இருமுவதோ போதும், முள்ளெலும்பின் முன்பக்கம் அமுங்கி ஆப்பு வடிவாகிவிடும். இப்படி நசுங்குவதில் மூன்றில் ஒன்று அளவுக்குத்தான் மருத்துவர் கவனத்துக்கு வருகிறது. மற்றவை சத்தமில்லாமல் நடந்து, கூன் விழும்போதோ உயரம் குறைந்ததை யாராவது சொல்லும்போதோ தெரியவருகின்றன. இளமையில் இருந்ததைவிட உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க அது போதுமான காரணம்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்

கணைய நோயாளி ஒருவர் ஆண்டுகள் செல்லச் செல்ல எத்தனை வயிற்று சிடி ஸ்கேன்களுக்குப் படுத்து எழுகிறார் என்பதை அவருடைய கோப்பின் தடிமனே சொல்லும். ஒவ்வொரு ஸ்கேனிலும் கணையத்துக்குப் பின்னால் முதல் இடுப்பு முள்ளெலும்பு முழுசாகப் பதிவாகியிருக்கிறது. அறிக்கையில் கணைய நாளத்தின் அகலம் மில்லிமீட்டரில் எழுதப்படுகிறது, கல் எத்தனை என்று எழுதப்படுகிறது, நீர்க்கட்டியின் அளவு எழுதப்படுகிறது. எலும்பைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிருஷ்டம்.

எழுத முடியாது என்பதில்லை. அந்த முள்ளெலும்பின் நடுவில், ஓரச் சுவரைத் தொடாமல், ஒரு வட்டம் போட்டால் கணினி அதன் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் சொல்லிவிடும். பெர்ரி பிக்ஹார்ட்டும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 160 அலகுக்கு மேல் இருந்தால் எலும்புப்புரை இருக்கும் வாய்ப்பு குறைவு, 110 அலகுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் உண்டு என்ற அளவுகளைத் தந்தார்கள். ஸ்கேனுக்காக இரத்தக் குழாயில் ஏற்றும் சாயம் இந்த எண்ணைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும், அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் கதிரும் கூடுதல் செலவும் இல்லாமல், பக்கவாட்டு வெட்டுத் தோற்றத்தில் நசுங்கிய எலும்பையும் பார்த்துவிடலாம். கோப்பில் பழைய ஸ்கேன்கள் இருப்பவர்கள் அடுத்த முறை படத்துறை மருத்துவரிடம் முள்ளெலும்புகளையும் பார்த்து எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

முறையான சோதனை எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான். இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு அது தரும் டி-ஸ்கோர் எண் கழித்தல் 1க்கும் கழித்தல் 2.5க்கும் நடுவே இருந்தால் அடர்த்திக் குறைவு, கழித்தல் 2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லை. ஆனால் கணைய நோயாளிகளிடம் இதில் ஒரு பொறி உண்டு. டெக்ஸா இடுப்பு முள்ளெலும்புகளைப் பின்னிருந்து முன்னாக ஊடுருவிப் பார்க்கிறது. பாதையில் எது இருந்தாலும் அதையும் எலும்புக் கணக்கில் சேர்த்துவிடும். கணையம் முழுக்கக் கல் படிந்த ஒருவருக்கு அந்தக் கல்லின் கால்சியம் முதல் இரண்டு முள்ளெலும்புகள் மேல் விழுந்து, மெலிந்த எலும்பைக் கெட்டியானதாகக் காட்டலாம். அறிக்கையில் மேல் முள்ளெலும்புகளின் எண் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் உயர்ந்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். தொடை எலும்புக் கழுத்தின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

நொதி மாத்திரையும் எலும்பும்

மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்த்தால் சுரப்புக் குறைவு தெரியும். ஒரு கிராமில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 100க்குக் கீழே கடுமையான குறைவு. மனித எலாஸ்டேஸை மட்டுமே அடையாளம் காணும் சோதனை முறை என்றால், கணைய நொதியை ஈடுகட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை, ஏனென்றால் மாத்திரையில் இருப்பது பன்றிக் கணையத்தின் நொதி.

அந்த மாத்திரையை வயிறு உப்புசத்துக்கான மருந்தாகவே பலர் கருதுகிறார்கள். உப்புசம் இல்லாத நாளில் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ விழுங்குகிறார்கள். அது உணவோடு உணவாகக் குடலுக்குப் போனால்தான் வேலை செய்யும், அதாவது சாப்பிட ஆரம்பிக்கும்போதும் நடுவிலும். பெரிய சாப்பாட்டுக்குத் தொடக்க அளவாக 40,000 முதல் 50,000 அலகு லைபேஸ், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். இதைவிட மிகக் குறைந்த அளவில் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. டென்மார்க் ஆய்வில் நொதி மாத்திரை எடுத்த கணைய நோயாளிகளுக்கு, எடுக்காத கணைய நோயாளிகளைவிட முறிவு அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இது பதிவேட்டிலிருந்து கிடைத்த தொடர்புதான், மாத்திரைதான் காத்தது என்று நிரூபிக்காது. இருந்தாலும் உடல் இயங்கும் விதத்தோடு பொருந்திப் போகிறது.

கொழுப்பை அறவே தள்ளுங்கள் என்ற பழைய அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வலியைக் குறைக்க இது உதவும் என்று நம்பி, ஏற்கெனவே இளைத்தவரை மேலும் இளைக்க வைத்து, வைட்டமின்கள் உள்ளே போகும் வழியையும் அடைக்கிற அறிவுரை இது. போதுமான நொதியோடு இயல்பான கொழுப்புள்ள உணவு என்பதே இப்போதைய நிலைப்பாடு.

எந்த வலி எதன் வலி?

சீழ் பிடிப்பது மூன்றாவது வழி. கடுமையான அழற்சியில் செத்த கணையத் திசுவில் குடல் கிருமிகள் குடியேறினால், அவை பின்சுவர் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ முதுகெலும்பை எட்டலாம். முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலுக்கு வால்வு கிடையாது, வயிற்றில் அழுத்தம் கூடினால் இரத்தம் பின்னோக்கியும் ஓடும் என்று ஆஸ்கர் பாட்சன் 1940இல் விளக்கினார். கிருமிக்கும் புற்றுநோய்ச் செல்லுக்கும் அது திறந்த பாதை. எம்ஆர்ஐயில் இதைப் பிரித்தறிய ஒரு நல்ல குறிப்பு உண்டு. கிருமித் தொற்று பொதுவாக நடு வட்டையும் அதன் இரு பக்கத்து எலும்புகளையும் சேர்த்துத் தாக்கும். கொழுப்புச் சிதைவும் புற்றுநோயும் பெரும்பாலும் வட்டைத் தொடுவதில்லை. தொற்று என்றால், உடல்நிலை அனுமதிக்கும்வரை, நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கும் முன்பே இரத்தத்திலோ எலும்பிலோ கிருமியைப் பிடித்து அடையாளம் காண வேண்டும். சிகிச்சை வழக்கமாக ஆறு வாரம்.

வலியின் போக்கும் கொஞ்சம் சொல்லும். கணைய வலி சாப்பாட்டுக்குப் பிறகு கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தணியும். நசுங்கிய முள்ளெலும்பின் வலி நிற்கும்போதும் திரும்பும்போதும் சுருக்கென்று குத்தும், படுத்தால் குறையும். விரலால் தட்டினால் குறிப்பிட்ட ஓர் எலும்பில் வலிக்கும். தொற்றும் புற்றுநோயும் தரும் வலி ஓய்வில்லாதது, இரவில் தூங்க விடாது. இவை கறாரான எல்லைகள் அல்ல, ஒருவருக்கே இரண்டு வலியும் இருக்கலாம். பழகிய வலியின் குணம் மாறினால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கால் வலுவிழப்பது, தொடை இடுக்கில் உணர்வு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுவது என்றால் தண்டுவடமோ அதன் நரம்புகளோ நெரிபடுகின்றன என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை.

எலும்பு மெலிந்தவருக்கான மருந்துகள் மற்ற எலும்புப்புரை நோயாளிகளுக்கு உள்ளவைதான், வரிசை மட்டும் முக்கியம். முதலில் இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்து நிரப்ப வேண்டும். செரிமானம் கெட்டவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம் என்பதால் சில மாதங்கள் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சிரையில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் குடலை நம்பாதது என்பதால் பலருக்கு வசதி. ஆனால் டி குறைவாக இருக்கும்போது அதை ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மாத்திரையாகத் தரும் அலென்ட்ரோனேட் நலமானவர்களின் குடலிலேயே மிகச் சொற்பமாகத்தான் உறிஞ்சப்படுகிறது. அடர்த்தி குறையத் தொடங்கிய நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெக்ஸா ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல்.